துக்ளக் உண்மையில் எந்தப் பக்கம்? தாத்தாவின் இரும்புப் பெட்டியும் ஒரு சந்தேகமும்

பழையபேப்பர்:
வணக்கம். தாத்தா போய் ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் ஊருக்குப் போய்ப் பரணைக் காலி செய்தோம், இரண்டு இரும்புப் பெட்டி நிறைய துக்ளக், சோ ராமசாமி நடத்திய அரசியல் நையாண்டிப் பத்திரிகை. வருஷவாரியாக அடுக்கிச் சணல் கயிறு போட்டுக் கட்டி, மேலே ஒரு அட்டைத் துண்டில் நீல மையால் வருஷத்தை எழுதி வைத்திருந்தார். 1971இல் ஆரம்பித்து 1999 வரை இருக்கிறது, நடுவில் சில கட்டுகளைக் காணோம். அப்பா எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். மனசு வரவில்லை, காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் என்னவென்றால், அறையில் கூட இருக்கும் நண்பன் பார்த்ததும் "என்னடா சங்கிப் பத்திரிகையெல்லாம் கட்டுக்கட்டா வச்சிருக்க" என்றான். அப்பாவைக் கேட்டால், அதுதான்டா நடுநிலை, சோ எல்லாரையும் கிழித்தார் என்கிறார். தாத்தாவோ தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர், சாகும்வரை உதயசூரியனைத் தவிர வேறு எதற்கும் ஓட்டுப் போடாதவர். ஓட்டு அங்கே, வாராவாரம் காசு இங்கே. பதில் பகுதி ஓரத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் 'சரி', 'பொய்', 'ஹா ஹா' என்று குறித்திருக்கிறார். நான் இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எனக்கே தலை சுற்றுகிறது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் சொல்லுங்கள், இது எந்தப் பக்கத்துப் பத்திரிகை?

மொட்டைமாடி:
இதில் என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது? வலதுசாரி. 2016 டிசம்பரில் சோ இறந்த பிறகு ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர் குருமூர்த்தி. ஆர்.எஸ்.எஸ். சிந்தனையாளர், சுதேசி ஜாக்ரன் மஞ்ச், 2018இல் ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவில் இடம். யார் கையில் சாவியைக் கொடுத்தார்கள் என்று பார்த்தாலே அது யார் வீடு என்று தெரிந்துவிடுமே. உங்கள் அறை நண்பர் சொன்னது சரிதான்.

கீழவீதி:
தம்பி மொட்டைமாடி, பேரன் முகத்தை வைத்துத் தாத்தாவுக்கு ஜாதகம் எழுதாதீர்கள். எனக்கு வயது 71. முதல் இதழ் 1970 பொங்கலன்று வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டிருக்கும். அதற்கு முன்பு எந்தப் பத்திரிகை முதல் இதழில் கழுதையைப் போட்டுக்கொண்டு வந்தது? சாமி படம் போடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு நடிகை படம். இரண்டு வருஷம் முந்தி மேடையேறிய அவருடைய நாடகத்தின் பெயரைத்தான் பத்திரிகைக்கும் வைத்தார், முட்டாள்தனமான ஆட்சிக்குப் பேர் போன ஒரு சுல்தான் பெயர். ஆளுகிறவன் எவனானாலும் கிண்டல் செய்வேன் என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம்.

அப்போது இந்துத்துவா என்ற சொல்லையே எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சோ அன்றைக்கு காமராஜர் பக்கம். காங்கிரஸ் இரண்டாக உடைந்திருந்த அந்த நேரத்தில் இந்திரா காந்தியைக் கிழித்த கிழி கொஞ்சநஞ்சமில்லை. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்ததும் அட்டை முழுக்கக் கறுப்பு. டீக்கடைக் கம்பியில் க்ளிப் போட்டு மற்ற பத்திரிகைகளோடு அது தொங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது, நடுவில் ஒரு துக்க வீட்டுத் துணி மாதிரி. பெரிய பெரிய பத்திரிகை முதலாளிகள் எல்லாம் பொத்திக்கொண்டு இருந்தபோது செய்தது அது. அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

மொட்டைமாடி:
ஐயா, அதற்கு ஒரு கும்பிடு போடுகிறேன், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எதிர்த்தது அவர் மட்டும்தானா? திமுக எதிர்த்தது, அதற்காகவே 1976 ஜனவரி 31இல் ஆட்சியைக் கலைத்தார்கள், கட்சிக்காரர்கள் மிசா சட்டத்தில் உள்ளே போனார்கள். அந்தச் செய்தியைப் போட முடியாமல் திமுக நாளேடான முரசொலியில் என்ன செய்தார்கள் தெரியுமா, அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். படித்தவனுக்குப் புரிந்துவிட்டது, யார் யார் சிறையில் என்று. தணிக்கை அதிகாரி கோட்டைவிட்டார். நையாண்டி என்றால் அதுவும்தானே, ஆனால் அதை யாரும் 'அறிவாளிப் பத்திரிகை' என்று சொல்வதில்லை.

கீழவீதி:
அதுவும் படித்திருக்கிறேன். நல்ல வேலை அது, ஒத்துக்கொள்கிறேன்.

தறிநாடா:
அறிவாளி என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 ஜனவரி 14, துக்ளக் ஐம்பதாவது ஆண்டு விழா, குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு மேடையில் இருக்கிறார், ரஜினி எழுந்து, கையில் முரசொலி வைத்திருந்தால் திமுககாரர், துக்ளக் வைத்திருந்தால் அறிவாளி என்று பேசினார். அதே பேச்சில்தான் 1971 சேலம் விவகாரத்தையும் எடுத்தார். நான் சேலம்தான், அம்மாபேட்டைப் பக்கம், தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். இந்தக் கதை எங்கள் வீட்டில் இரண்டு விதமாக ஓடும்.

பெரியப்பா சொல்வது: திராவிடர் கழகத்தின் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் படத்தைச் செருப்பால் அடித்தார்கள், துக்ளக் ஒன்றுதான் தைரியமாகப் படத்தோடு போட்டது, அரசு இதழ்களைப் பறிமுதல் செய்தது. அப்பா சொல்வது: ஜனசங்கத்துக்காரர்கள் கறுப்புக்கொடி காட்ட வந்து பெரியார் வண்டி மேல் செருப்பை வீசினார்கள், அந்தச் செருப்பை எடுத்துத்தான் தொண்டர்கள் கோபத்தில் படத்தை அடித்தார்கள். இரண்டு பேரும் ஒரே தெரு. தீபாவளிக்குத் தீபாவளி சண்டை.

இதில் எனக்குப் படுவது, துக்ளக் போட்ட படம் பொய் என்று அப்பாகூடச் சொன்னதில்லை. செருப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத்தான் கேட்பார். ஒரு பத்திரிகையின் சாய்வு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, கதையை எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்பதில். அந்தப் படங்களை வைத்து ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தும், மார்ச் 1971 தேர்தலில் திமுக 184 இடம், முந்தைய தடவையைவிட அதிகம். ஆக, படித்தவன் எல்லாம் சோ சொன்னபடி ஓட்டுப் போடவில்லை. பழையபேப்பர் தாத்தா மாதிரி ஆட்கள் அப்போதே நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும்.

பழையபேப்பர்:
தறிநாடா அண்ணே, நீங்கள் சொன்னதும் 71 கட்டைப் பிரித்துப் பார்த்தேன். தாத்தா வைத்திருப்பது அந்தத் தேர்தலுக்கு அப்புறம் வந்த இதழ்களிலிருந்துதான். ஒருவேளை அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் வாங்க ஆரம்பித்தாரோ என்னவோ. கலைஞர்தான் துக்ளக்கைப் பிரபலமாக்கினார் என்று ரஜினி அந்த மேடையில் சொன்னது எங்கள் வீட்டு வரைக்கும் உண்மையாக இருக்கலாம்.

கறிவேப்பிலை:
எல்லாரும் கட்சிக் கணக்கே போடுகிறீர்கள். நான் வேறொரு கணக்குச் சொல்கிறேன். சித்தி வீட்டில் துக்ளக் வாங்குவார்கள், சித்தப்பா படித்து முடித்தபின் எங்களுக்கு வரும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அந்த ஒண்ணரைப் பக்க நாளேடு பகுதியைப் படித்துத் தரையில் உருண்டு சிரித்திருக்கிறேன். ஒரு நாள் நிஜச் செய்தித்தாள் மாதிரியே தலைப்பு, துணைத்தலைப்பு எல்லாம் போட்டு அரசியல்வாதிகளைக் கலாய்ப்பார்கள். பத்திரிகை மொழியே எவ்வளவு பெரிய நாடகம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான், இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

அப்புறம் கேள்வி-பதிலுக்கு வருவேன். பெண் சுதந்திரம், பெண்ணியம் என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும், பதிலில் ஒரு குத்து இருக்கும். சித்தப்பா அதைச் சத்தமாக வாசிப்பார், சித்தி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லமாட்டாள். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டும் என்பதை சோ கடைசிவரை ஏற்கவில்லை. அதே ஆள் ஜெயலலிதாவுக்கு ஆலோசகர் என்று பெயர் வாங்கினார். அது ஒரு விசித்திரம். ஒரு பெண் முதலமைச்சராக இருக்கலாம், பெண்கள் என்று கூட்டமாக வந்தால் ஆகாது.

மந்திரியைக் கிண்டல் செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைக் கிண்டல் செய்தபோது சித்தப்பா மட்டும்தான் சிரித்தார். அதனால் 'எல்லாரையும் கிழித்தார்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கிழிப்பதிலும் மேலே பார்த்துக் கிழிப்பது, கீழே பார்த்துக் கிழிப்பது என்று இருக்கிறதே.

கீழவீதி:
அம்மா, அந்தக் காலத்தில் எந்தப் பத்திரிகை ஜோக்கில் பூரிக்கட்டை இல்லாமல் இருந்தது? எல்லாவற்றிலும் மாமியார், மனைவி, வேலைக்காரி ஜோக்தான்.

கறிவேப்பிலை:
உண்மை சார். ஆனால் பூரிக்கட்டை ஜோக் போட்டவர்கள் அதைக் கொள்கை என்று சொல்லவில்லை. இவர் கொள்கையாகவே எழுதினார்.

மொட்டைமாடி:
கறிவேப்பிலை அக்கா சொன்னதோடு இட ஒதுக்கீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990இல் பிரதமர் வி.பி. சிங் மண்டல் குழு பரிந்துரைப்படி பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்று அறிவித்தபோது துக்ளக் எந்தப் பக்கம் நின்றது? எதிர்ப்பக்கம். அரசியலில் கட்சி மாறி மாறி நின்றிருக்கலாம், இந்திரா எதிர்ப்பு, திமுக எதிர்ப்பு, எம்.ஜி.ஆர். கிண்டல், 96இல் ஜெயலலிதா எதிர்ப்பு, பிறகு ஜெயலலிதா ஆதரவு. சமூக விஷயத்தில் ஒரு அங்குலம்கூட நகர்ந்ததில்லை. வண்டி எத்தனை ஊருக்குப் போனாலும் அச்சாணி அதே இடம்தான்.

தறிநாடா:
96ஐ அவ்வளவு லேசாகத் தாண்டாதே தம்பி. நரசிம்ம ராவ் அதிமுகவோடு கூட்டணி என்றதும் மூப்பனார் காங்கிரஸிலிருந்து தனியாக வந்து தமாகா, அதாவது தமிழ் மாநில காங்கிரஸ், ஆரம்பித்தார், அவரையும் கலைஞரையும் ஒன்றாக உட்கார வைத்ததில் சோவுக்குப் பெரிய பங்கு. ரஜினி ஆதரவும் சேர்ந்தது. திமுக 173, தமாகா 39, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். இருபத்தைந்து வருஷமாகத் திமுகவைத் திட்டித் தின்ற ஒரு பத்திரிகை அந்த ஆட்சி வருவதற்கே வேலை செய்தது. ஊழல்தான் முதல் எதிரி, கட்சி அப்புறம் என்று அவர் சொல்லிக்கொண்டதற்கு அது ஒரு சாட்சி.

அதேநேரம் இன்னொன்றும் எனக்கு உறுத்தும். கூட்டணி பேசி முடிக்கிற ஆள், அந்தக் கூட்டணியைப் பற்றி நையாண்டி எழுத முடியுமா? கல்யாணத் தரகரே பந்தியில் உட்கார்ந்து சாம்பார் சரியில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நெல்லியடி:
நான் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். இப்போது கனடாவில். துக்ளக் என்றால் எங்கள் சனத்துக்கு வேறு கதை. எண்பதுகளில் தமிழ்நாட்டில் ஈழப் போராளி இயக்கங்களை ஆதரிக்காத கட்சியைத் தேட வேண்டும், எம்.ஜி.ஆர். ஒரு பக்கம், கலைஞர் ஒரு பக்கம், போட்டி போட்டுக்கொண்டு. அப்போது புலிகளை வெளிப்படையாக, தொடர்ந்து எதிர்த்து எழுதியது துக்ளக். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே அப்பு காறித் துப்புவார், துரோகிப் பத்திரிகை என்பார்.

மாமா ஒருவர் மட்டும் வேறு மாதிரி. அவருடைய தம்பி டெலோ என்ற இன்னொரு இயக்கத்தில் இருந்தவர். 1986இல் புலிகள் டெலோவை அழித்தபோது போனவர்களில் அவரும் ஒருவர். மாமா பிறகு சென்னையில் வளசரவாக்கம் பக்கம் சில வருஷம் இருந்தார். அந்த நேரம் தனக்கு வாசிக்கக் கிடைத்த ஒரே ஆறுதல் துக்ளக் என்று சொல்லுவார். தமிழ்நாட்டில் யாரோடு கதைத்தாலும் புலி என்றால் வீரன், மற்றவன் எல்லாம் துரோகி, தன் தம்பியைக் கொன்றவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்ல இடமில்லை என்று.

ஆனால் அதே மாமாதான் 2009க்குப் பிறகு கோபப்பட்டார். புலியை எதிர்ப்பது வேறு, முள்ளிவாய்க்காலில் செத்த சனத்துக்காக அழுவது வேறு, முதலாவதில் அவ்வளவு உறுதியாக நின்றவர்கள் இரண்டாவதில் ஏன் அந்த அளவுக்கு நிற்கவில்லை என்று கேட்பார். எனக்கும் அதுதான் கேள்வி. ஓடுகிற ஆற்றுக்கு எதிராக நீந்தியது உண்மை. எந்தக் கரைக்குப் போக நீந்தினார் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

மட்டுறுத்துநர்:
சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பத்திரிகையைப் பற்றிப் பேசுங்கள், படித்தவர்களின் பிறப்பைப் பற்றி வேண்டாம்.

கீழவீதி:
நீக்கியது நல்லது. ஆனால் அந்தக் கேள்வியை நாகரிகமாகக் கேட்டால் பதில் சொல்லலாம். 'பார்ப்பனப் பத்திரிகை' என்பது ஆரம்பத்திலிருந்தே இருக்கும் குற்றச்சாட்டு. அவருடைய 'எங்கே பிராமணன்' தொடரே, சாஸ்திரம் சொல்கிற லட்சணப்படி இன்றைக்கு பிராமணன் என்று ஒருவன் இருக்கிறானா என்று கேட்பதுதான். அந்தச் சாதியில் பிறந்த பலருக்கே அது கசந்தது.

மொட்டைமாடி:
ஐயா, அதில்தான் சூட்சுமமே. இன்றைய பிராமணன் சரியில்லை என்கிறாரே தவிர, அந்த லட்சணம் தேவையா என்று கேட்கவில்லை. வீட்டில் குடியிருப்பவனைத் திட்டுகிறார், வீட்டு வரைபடத்தைத் தொடவில்லை.

கீழவீதி:
சரி, இந்த ஒரு அடியை வாங்கிக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி யோசித்தேன், ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பொங்கல் அன்று நடக்கும் ஆண்டு விழாவுக்குப் பல தடவை போயிருக்கிறேன். வீட்டில் பால் பொங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துவிடுவேன், வருஷா வருஷம் அதற்கு வசவு வாங்குவேன். அரங்கம் நிறைந்து வெளியே ஒலிபெருக்கிக்குக் கீழே ஆட்கள் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். முக்கால்வாசி நரைத்த தலைகள். வாசகர்கள் ஒவ்வொருவராக ஒலிவாங்கிக்கு வந்து கேட்பார்கள், சிலர் கேள்வி கேட்கிறேன் என்று சொற்பொழிவே ஆற்றுவார்கள், சோ மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு அந்த முட்டைக் கண்ணால் பார்ப்பார், அதற்கே கூட்டம் சிரிக்கும். பழைய விழாக்களில் அவர் தன்னையே கிண்டல் செய்துகொள்வார், தான் ஆதரிக்கிற ஆளையும் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் ஆதரிப்பார்.

மோடி குஜராத் முதல்வராக இருந்தபோது வந்த விழாவுக்கும் போனவன் நான். 2007 குஜராத் தேர்தலில் சோனியா காந்தி 'மரண வியாபாரி' என்று பேசியிருந்தார் அல்லவா, அதே வார்த்தையைச் சொல்லியே சோ மோடியைப் பேச அழைத்தார். அரங்கம் ஒரு விநாடி திடுக்கிட்டது. பிறகு தீவிரவாதத்துக்கு மரண வியாபாரி, ஊழலுக்கு மரண வியாபாரி என்று அடுக்கினார், கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நானும் தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஏதோ மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் ஆளுகிறவனைக் குத்தப் பயன்பட்ட அதே நக்கல், அன்றைக்கு ஒரு ஆளுகிறவனுக்குக் குடை பிடிக்கப் பயன்பட்டது. அன்று அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இங்கே எழுதுகிறேன்.

கறிவேப்பிலை:
சார், இதை எழுதியதற்கு நன்றி.

தறிநாடா:
கீழவீதி ஐயா சொன்னதையொட்டி ஒன்று. சாய்வு இல்லாத நையாண்டி என்று ஒன்று கிடையாது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனந்த விகடனை எல்லாரும் குடும்பப் பத்திரிகை என்பார்கள், அரசியல் கம்மி என்பார்கள். 1987இல் அட்டையில் ஒரே ஒரு ஜோக், மேடையில் இருப்பவர்களில் ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று. சபாநாயகர் பி.எச். பாண்டியன், சட்டமன்றம் கூடி ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை. கண்டனம் பலமாக வந்ததால் சில நாளில் வெளியே விட்டார்கள். அவர் சும்மா இருக்காமல் வழக்குப் போட்டு ஜெயித்து, இழப்பீடாக வந்த ஆயிரம் ரூபாயைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார். அந்த ஜோக்கில் கட்சி கிடையாது, எந்த எம்.எல்.ஏ. என்று பெயர் கிடையாது. அதனால்தான் எல்லாருக்கும் வலித்தது. துக்ளக்கில் எப்போதும் பெயர் இருக்கும், அது அதன் பலம். யார் பெயர் வரவில்லை என்று எண்ணத் தொடங்கினால் அதுவே பலவீனமும்.

மொட்டைமாடி:
அப்படியானால் பழையபேப்பர் எண்ணிச் சொல்லட்டும். கட்டு கையில் இருக்கிறதே.

பழையபேப்பர்:
எண்ணினேன், முழுசாக இல்லை, நாலு வருஷக் கட்டு மட்டும். கலைஞர் இல்லாத அட்டையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, மனிதர் அவ்வளவு தடவை வருகிறார். எம்.ஜி.ஆர்., இந்திரா, ஜெயலலிதா, வி.பி. சிங் எல்லாரும் உண்டு. வாஜ்பாயியும் அத்வானியும் வருகிறார்கள், ஆனால் அந்தப் படங்களில் அவர்களுடைய கூட்டாளிகள்தான் பெரும்பாலும் கோமாளி. 1999இல் அவர்கள் ஆட்சியில்தானே சோ மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். மடாதிபதி ஒருவரைக்கூட நான் பார்த்த அட்டைகளில் காணவில்லை.

அதைவிட எனக்குச் சுவாரசியம் தாத்தாவின் பென்சில். ஊழல், நிர்வாகம், பேச்சுக்கும் செயலுக்கும் உள்ள தூரம், இந்தப் பதில்களுக்கெல்லாம் 'சரி', 'சரி', 'ஹா ஹா'. தன் தலைவரைத் திட்டிய இடத்தில்கூட 'ஹா ஹா' இருக்கிறது, ஒரு இடத்தில் 'ரொம்ப சரி'. 1990 கட்டில் மண்டல் பற்றி வருகிற பக்கங்களில் மட்டும் பென்சில் அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது. ஒரு ஓரத்தில் பொடி எழுத்தில், 'என் மகன் வேலைக்குப் போனது எப்படி என்று இவருக்குத் தெரியுமா' என்று எழுதியிருக்கிறார். அந்த மகன் என் அப்பாதான். நடுநிலைப் பத்திரிகை என்று சொன்ன அதே அப்பா. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆகிறது, பதில் இல்லை.

அடுத்த வார இதழையும் தாத்தா வாங்கித்தான் இருக்கிறார். நிறுத்தவில்லை.

நெல்லியடி:
ஓம், எங்கட மாமாவும் நிறுத்தவில்லை.

கீழவீதி:
தம்பி, அப்பாவை அவசரப்படுத்தாதே. அப்புறம் ஒரு விஷயம், அந்தத் தாளெல்லாம் இப்போது அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், சணல் கயிற்றை இறுக்காதே, ஓரம் நொறுங்கும். பெட்டியில் அந்துருண்டை போடாமல் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டு வை. 75 கட்டு இருக்கிறதா? அந்தக் கறுப்பு அட்டையை ஒரு தடவை பார்க்க ஆசை.

பழையபேப்பர்:
75 இல்லை ஐயா, நானும் முதலில் அதைத்தான் தேடினேன். ஆயாவைக் கேட்டால், சமையலறை அலமாரித் தட்டுக்கு விரிக்க எடுத்ததில் போயிருக்கும் என்கிறார். வேப்பிலை நாளைக்கே போடுகிறேன். யாரிடமாவது 75 ஜூலை இதழ் இருந்தால் ஒரு படம் மட்டும் போடுங்கள்.